உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். மின்னாற்பகுப்பு, அதாவது மின்சாரத்தைச் செலுத்திப் பொருளைப் பிரிப்பது, பாடமாக நடக்கும் மாதத்தில் என்னிடம் கேள்விகள் குவியும். மாணவர்கள் கேட்டவை, பெற்றோர் கேட்டவை, உப்பளத்தில் வேலை பார்க்கும் ஓர் அண்ணாச்சி கேட்டது என்று பலவற்றைக் குறித்து வைத்திருந்தேன். அவற்றுக்கான பதில்கள் இவை. மின்கலத்தின் கூட்டல் முனையோடு இணைத்த கம்பியை நேர்மின்வாய் என்றும், கழித்தல் முனையோடு இணைத்ததை எதிர்மின்வாய் என்றும் எழுதியிருக்கிறேன்.

உப்புத் தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் என்ன கிடைக்கும்?

மூன்று பொருள்கள் கிடைக்கும். எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் குமிழியிடும். அதைச் சுற்றியுள்ள நீரில் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது எரிசோடா, சேரும். நேர்மின்வாயில் பசுமஞ்சள் நிறக் குளோரின் வரும்.

கணக்கு மிகச் சுத்தமானது. 117 கிராம் உப்பும் 36 கிராம் தண்ணீரும் மாறினால் 80 கிராம் எரிசோடா, 71 கிராம் குளோரின், 2 கிராம் ஹைட்ரஜன். இரண்டு பக்கமும் கூட்டிப் பாருங்கள், 153 வரும். இந்த விகிதத்தை எந்த முதலாளியாலும் எந்தப் பொறியாளராலும் மாற்ற முடியாது. இந்தத் தொழிலின் லாபமும் தொல்லையும் இந்த மூன்றும் ஒன்றாகவே பிறப்பதிலிருந்துதான் வருகின்றன.

உப்பில் சோடியம் இருக்கிறதே, சோடியம் உலோகம் ஏன் வருவதில்லை?

எதிர்மின்வாயை நோக்கிச் சோடியம் அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற சோடியம் அணுக்கள், போவது உண்மை. ஆனால் அங்கே எலெக்ட்ரானை வாங்கிக்கொள்வது தண்ணீர்தான். சோடியம் அயனியை உலோகமாக்க மிகுந்த மின்னழுத்தம் தேவை. தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனை வெளியேற்ற அதைவிடக் குறைவாகப் போதும். எளிய வழி இருக்கும்போது மின்சாரம் கடின வழியில் போவதில்லை. தண்ணீர் பிளந்தபின் எஞ்சும் ஹைட்ராக்சைடு அயனியும் அங்கே காத்திருக்கும் சோடியம் அயனியும் சேர்ந்ததுதான் எரிசோடா.

சோடியம் உலோகமே வேண்டுமென்றால் தண்ணீரை விலக்கிவிட வேண்டும். 1807-ல் ஹம்ஃப்ரி டேவி உருக்கிய எரிசோடாவில் மின்சாரம் செலுத்தித்தான் முதன்முதலில் சோடியத்தைப் பிரித்தார். இன்று உருகிய உப்பிலிருந்து எடுக்கிறார்கள். தூய உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். கால்சியம் குளோரைடு போன்றவற்றைக் கலந்து அதை 600 டிகிரி அளவுக்கு இறக்கிக்கொள்கிறார்கள்.

தண்ணீர் இருந்தும் சோடியம் வரும் விதிவிலக்கு ஒன்று உண்டு. எதிர்மின்வாய் பாதரசமாக இருந்தால் அப்படி நடக்கும். அதைக் கீழே சொல்கிறேன்.

நேர்மின்வாயில் ஆக்சிஜன் அல்லவா வர வேண்டும்? அட்டவணையில் அதற்குத்தானே குறைந்த மின்னழுத்தம்?

இது நல்ல மாணவர் கேட்கும் கேள்வி. எந்த வினைக்கு எவ்வளவு மின்னழுத்தம் என்று சொல்லும் பாடநூல் அட்டவணைப்படி ஆக்சிஜனுக்கு 1.23 வோல்ட், குளோரினுக்கு 1.36 வோல்ட். ஆக்சிஜன்தான் முந்த வேண்டும். ஆனால் அட்டவணை வேகத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலெக்ட்ரான்கள் விடுபட வேண்டும், பல படிகள் நடக்க வேண்டும். குளோரினுக்கு இரண்டே எலெக்ட்ரான்கள். மின்வாயின் பரப்பில் ஆக்சிஜன் தயங்குவதால் அதற்குக் கூடுதல் மின்னழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தயக்கத்தில் குளோரின் முந்திவிடுகிறது.

உப்பின் செறிவும் முக்கியம். செறிவான கரைசலில் கிட்டத்தட்ட முழுக்கக் குளோரின்தான். நீர்த்த கரைசலில் ஆக்சிஜனும் கலந்து வரும்.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

பார்க்கலாம். நான் மாணவர்களுக்குச் சொல்லும் முறை டம்ளரில் செய்வதல்ல, தாளில் செய்வது. ஒரு வெள்ளைத் தாளில் மஞ்சள்தூள் கரைசலைப் பூசிக் காயவைத்து, உப்புத் தண்ணீரில் நனைத்து ஒரு கண்ணாடித் தட்டில் வையுங்கள். 9 வோல்ட் மின்கலத்தின் இரு முனைகளிலிருந்தும் கம்பி எடுத்து, இரண்டு பக்கமும் சீவிய இரண்டு பென்சில்களோடு இணையுங்கள். பென்சில் கூர்களைத் தாளின் மேல் ஓர் அங்குல இடைவெளியில் வையுங்கள். கழித்தல் பக்கம் மஞ்சள் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேரும்போது சிவக்கிறதே, அதே மாற்றம்தான். அங்கே காரம் சுண்ணாம்பு, இங்கே எரிசோடா. கூட்டல் பக்கம் மஞ்சள் நிறம் வெளுக்கும். அது குளோரினின் வேலை. இரண்டு பொருள்களையும் கண்ணால் பார்த்துவிடலாம், மூக்கில் நெடி ஏறும் அளவுக்கு வாயு வராது.

டம்ளரில் செய்தே தீருவேன் என்றால் இந்தக் கணக்கைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். 0.2 ஆம்பியர் மின்னோட்டம் 10 நிமிடம் ஓடினால் சுமார் 15 மில்லிலிட்டர் குளோரின் உருவாகும். ஒரு மருந்து மூடி அளவுதான் என்று தோன்றும். 5 கன மீட்டர் கொண்ட சிறிய குளியலறையில் அது முழுவதும் வெளியேறினால் காற்றில் பத்து லட்சத்தில் 3 பங்கு ஆகிவிடும். தொழிற்சாலைகளில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. நடைமுறையில் பெரும்பகுதி தண்ணீரிலேயே கரைந்துவிடுகிறது என்றாலும், திறந்த வெளியில், இரண்டு மூன்று நிமிடம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் தாள் முறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வீட்டு பிளக்கில் வரும் மின்சாரத்தை நேரடியாகக் கொடுக்கலாமா?

கூடாது. உயிர் போகும். மேலும் அது மாறுதிசை மின்சாரம். நொடிக்கு 50 முறை சுழலும் அந்த ஓட்டத்தில் எந்த முனையும் நிலையான நேர்மின்வாயாக இருக்காது.

ஆணியும் செம்புக் கம்பியும் வைத்துச் செய்தோம். தண்ணீர் பழுப்பாகவும் பச்சையாகவும் மாறியது. குளோரின் நிறமா அது?

இல்லை. உங்கள் கம்பி கரைந்திருக்கிறது. நேர்மின்வாயில் இரும்பு, செம்பு போன்ற உலோகத்தை வைத்தால், குளோரைடு அயனிக்குப் பதில் அந்த உலோகமே எலெக்ட்ரானை இழந்து கரைசலில் இறங்கும். இரும்பு பழுப்புச் சேறாகும், செம்பு நீலப்பச்சைச் சேறாகும்.

எவர்சில்வர் கரண்டியை நேர்மின்வாயாக வைப்பதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. பளபளப்பாக இருக்கிறது, துருப்பிடிக்காது என்று நம்பிப் பிள்ளைகள் எடுத்துவிடுகிறார்கள். அதில் குரோமியமும் பெரும்பாலும் நிக்கலும் இருக்கின்றன. அவை கரையும்போது குரோமியத்தின் புற்றுநோய் உண்டாக்கும் வடிவமும் உருவாக இடமுண்டு. அந்தத் தண்ணீரைச் செடிக்கோ சாக்கடைக்கோ ஊற்றுவது தவறு. எவர்சில்வர் வேண்டாம், பென்சிலின் கிராஃபைட் போதும்.

குமிழி ஒரு பக்கம்தான் நிறைய வருகிறது. ஏன்?

கன அளவில் இரண்டு வாயுக்களும் சமமாகத்தான் உருவாகின்றன. ஆனால் குளோரின் தண்ணீரில் கரையும், ஹைட்ரஜன் அநேகமாகக் கரையாது. அதனால் கழித்தல் பக்கம் பொங்குவது போலத் தெரியும். முனை எது என்று எழுதாத மின்கலக் கம்பிகளை உப்புத் தண்ணீரில் தொட்டு, அதிகம் நுரைப்பதே கழித்தல் என்று கண்டுபிடிக்கும் பழைய கைமுறை இதில்தான் நிற்கிறது.

எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு பொருள்?

1 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 1.32 கிராம் குளோரின், 1.49 கிராம் எரிசோடா, 0.038 கிராம் ஹைட்ரஜன். இது மைக்கேல் ஃபாரடே 1830-களில் வகுத்த விதி. ஆலையில் ஒரு டன் எரிசோடாவுக்குச் சுமார் 1.5 டன் உப்பு செல்கிறது. கீழே சொல்லப்போகும் சவ்வு முறையில் ஏறக்குறைய 2,200 முதல் 2,500 யூனிட் மின்சாரம் ஆகிறது. எரிசோடா விலையைப் பற்றிப் பேசுபவர்கள் உப்பு விலையைக் கேட்பதைவிட மின்கட்டணத்தைக் கேட்பது பொருத்தம்.

1800-லேயே வில்லியம் குரூக்‌ஷாங்க் உப்புக்கரைசலில் மின்சாரம் செலுத்திப் பார்த்துவிட்டார். ஆனாலும் ஆலைகள் எழ 1890-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மலிவாக மின்சாரம் தரும் டைனமோக்கள் பரவ அவ்வளவு காலம் பிடித்தது.

மூன்று பொருளும் ஒரே பாத்திரத்தில் பிறக்கின்றன என்றால், எப்படிப் பிரிக்கிறார்கள்?

இந்தத் தொழிலின் வித்தை முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஹைட்ரஜனும் குளோரினும் கலந்தால் வெயில் பட்டாலே வெடிக்கும். குளோரினும் எரிசோடாவும் கலந்தால் இரண்டும் தீர்ந்து வேறு பொருளாகிவிடும். ஆகவே பிறந்த கணத்திலேயே மூன்றையும் பிரித்தாக வேண்டும். ஆனால் நடுவே கெட்டியான சுவர் எழுப்பினால் மின்சாரம் ஓடாது. மின்சாரம் போக வேண்டும், பொருள்கள் போகக் கூடாது. இப்படி ஒரு தடுப்பைத் தேடி மூன்று வழிகள் கண்டார்கள்.

முதல் வழி பாதரசம். 1892-ல் காஸ்ட்னர், கெல்னர் என்ற இருவர் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். தொட்டியின் அடியில் பாதரசம் மெல்லிய ஓடையாக ஓடும். அதுதான் எதிர்மின்வாய். பாதரசத்தின் மேல் ஹைட்ரஜன் எளிதில் உருவாகாது. அதனால் சோடியமே உலோகமாகிப் பாதரசத்தில் கரைந்துவிடும். அந்தக் கலவையை வேறொரு அறைக்குக் கொண்டுபோய்த் தண்ணீரோடு சேர்த்தால் எரிசோடாவும் ஹைட்ரஜனும் அங்கே வெளிவரும். குளோரின் முதல் தொட்டியிலேயே நின்றுவிடும். உப்பு கலவாத, 50 சதவீதச் செறிவுள்ள எரிசோடா நேரடியாகக் கிடைக்கும். அழகான ஏற்பாடுதான், ஆனால் ஊருக்கும் கடலுக்கும் பாதரசம் கசிந்தது.

இரண்டாவது வழி கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தடுப்பு. கரைசல் கசிந்து போகும், வாயுக்கள் கலக்காது. ஆனால் வெளிவரும் எரிசோடாவில் உப்பும் கூடவே இருக்கும். 10 முதல் 12 சதவீதச் செறிவுதான். காய்ச்சி வற்றவைத்து உப்பைப் பிரிக்க நிறைய எரிபொருள் போகும். கல்நாரைச் சுவாசித்தவர்களின் நுரையீரல் பட்ட பாடு தனிக்கதை.

மூன்றாவது அயனிப் பரிமாற்றச் சவ்வு. புளோரின் கலந்த பாலிமரால் ஆன, காகிதம் போன்ற மெல்லிய தகடு இது. சவ்வின் உட்பரப்பில் எதிர்மின்னேற்றம் பதிந்திருப்பதால் சோடியம் அயனி மட்டும் தண்ணீரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஊடுருவிப் போகும். குளோரைடு இந்தப் பக்கமே நிற்கும், ஹைட்ராக்சைடு அந்தப் பக்கமே நிற்கும். 32 சதவீதச் செறிவில் சுத்தமான எரிசோடா கிடைக்கும், மின்சாரமும் மிச்சம். 1970-களின் நடுவில் ஜப்பானில் தொடங்கிய இந்த முறைதான் இன்று உலகில் பெரும்பாலும் நடக்கிறது. எத்தனை ஆண்டு நடத்தினாலும் இந்தப் பகுதியைக் கரும்பலகையில் வரையும்போது எனக்கு உற்சாகம் குறைந்ததில்லை.

மினமாட்டா நோய்க்கு இந்த உப்பு ஆலைகள்தான் காரணமா?

பலர் அப்படி எழுதுகிறார்கள், அது தவறு. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் கண்டறியப்பட்ட, பாதரச நஞ்சால் வந்த அந்தக் கொடுமைக்குக் காரணம் அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருளைத் தயாரித்த ஆலை. அங்கே பாதரசச் சேர்மம் வினையூக்கியாக இருந்தது. ஆனால் அந்த அனுபவத்துக்குப் பிறகு பாதரசம் கையாளும் எல்லா ஆலைகள் மேலும் ஜப்பானின் பார்வை விழுந்தது. உப்புக்கரைசல் ஆலைகள் பாதரசத்தைக் கைவிட வேண்டியதாயிற்று, சவ்வு முறை அங்கே வேகமாக வளர்ந்தது. 2013-ல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை இத்தொழிலில் பாதரசத்தை நிறுத்த 2025-ஐ எல்லையாக வைத்தது.

பிரிக்காமலேயே விட்டுவிட்டால்?

அதுவும் ஒரு தொழில்தான். குளிர்ந்த நிலையில் குளோரினும் எரிசோடாவும் கலந்தால் சோடியம் ஹைப்போகுளோரைட் கிடைக்கும். மருத்துவமனைத் தரையைத் துடைப்பதும், வெள்ளைச் சட்டைக் கறையை எடுப்பதும் அந்தத் திரவம்தான். கடல்நீரால் குளிர்விக்கப்படும் மின்நிலையங்களில் குழாய்க்குள் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்க, கடல்நீரையே மின்னாற்பகுத்து அந்த இடத்திலேயே இதைத் தயாரிக்கும் வழக்கமும் உண்டு.

அதே கலவை சூடாக இருந்தால் ஹைப்போகுளோரைட்டோடு நில்லாமல் குளோரேட் வரை போகும். சாதாரண உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடை இப்படி மின்னாற்பகுத்தால் பொட்டாசியம் குளோரேட். தீக்குச்சித் தலையில் ஆக்சிஜன் தரும் பொருள் அதுதான். கோவில்பட்டியிலும் சாத்தூரிலும் சிவகாசியிலும் அடைக்கப்படும் ஒவ்வொரு தீப்பெட்டியிலும் இந்த வேதியியல் இருக்கிறது. மாணவர்கள் குளோரேட்டைச் செய்து பார்க்க ஆசைப்படக் கூடாது. உரசினாலே வெடிக்கும் கலவைகளுக்கு அது முதற்படி.

கடல்நீரை அப்படியே ஊற்றி ஆலையை நடத்தக் கூடாதா?

உப்பள அண்ணாச்சி கேட்ட கேள்வி இது. “கையில் கடல் இருக்கும்போது, உப்பை வாரி, லாரியில் ஏற்றி, மறுபடியும் ஏன் தண்ணீரில் கரைக்கிறார்கள்?” என்றார்.

இரண்டு காரணங்கள். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்குத்தான் உப்புகள் இருக்கின்றன. ஆலைக்கு 300 கிராமுக்கு மேல் வேண்டும். வெயில் இலவசமாகச் செய்யும் வேலையை மின்சாரத்திலோ கரியிலோ செய்ய யாருக்கும் கட்டுப்படியாகாது. இன்னொரு காரணம் மக்னீசியமும் கால்சியமும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதற்குக் காரணமான மக்னீசியம் குளோரைடு, காரம் பட்டதும் வெண்சேறாக உறைந்து சவ்வின் துளைகளை அடைத்துவிடும். ஆகவே நல்ல உப்பையே கரைத்து, சலவைச் சோடாவும் எரிசோடாவும் போட்டு இவற்றை வீழ்த்தி, வடிகட்டி, மீண்டும் இந்த அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பிசின் படுகையில் ஓடவிட்டு, நூறு கோடியில் 20 பங்குக்கும் கீழே கொண்டுவருகிறார்கள். குடிநீரைவிடப் பல மடங்கு கண்டிப்பு. பாத்தியில் கடைசியில் எஞ்சும் கசப்பு நீரை உப்போடு சேரவிடாமல் காலத்தில் வெளியேற்றும் உப்பளத் தொழிலாளியின் கவனம், அந்தச் சவ்வின் ஆயுளை நீட்டிக்கிறது. இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது எனக்கு நினைவிருக்கிறது.

நம் பக்கத்தில் இந்தத் தொழில் எங்கே இருக்கிறது?

உப்பும் மின்சாரமும் எங்கே மலிவோ அங்கே. மேட்டூரில் 1934-ல் அணை எழுந்தது, அந்தப் பத்தாண்டிலேயே அங்கே வேதிப்பொருள் நிறுவனம் தொடங்கியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஆறுமுகநேரி அருகே சாகுபுரத்தில் 1950-களின் இறுதியில் ஆலை வந்தது. அங்கே காரணம் உப்பளங்கள். புதுச்சேரியின் காலாப்பட்டு ஆலை இந்தியாவில் சவ்வு முறையை முன்னதாகவே ஏற்றவற்றில் ஒன்று.

இலங்கையில் பரந்தன். ஆனையிறவு உப்பளத்து உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் தயாரிக்க 1950-களில் எழுந்த அரசுத் தொழிற்சாலை அது. வடக்கில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. போர் அதை மூடவைத்தது, கட்டடங்களும் சிதைந்தன.

காரைக்குடியைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அங்கே இருக்கிறது. முன்பு நேர்மின்வாயாகக் கிராஃபைட் பயன்பட்டது. அது தேயத் தேய இடைவெளி கூடி மின்சாரம் விரயமாகும். தேயாத, பூச்சு கொடுத்த டைட்டானியம் மின்வாய்களை இந்தியாவிலேயே உருவாக்கியதில் அந்த நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

எரிசோடாவுக்கு மட்டும் கிராக்கி வந்தால் என்ன செய்வார்கள்?

முன்பே சொன்ன விகிதம் இங்கேதான் கடிக்கிறது. ஒரு டன் எரிசோடா வேண்டுமென்றால் சுமார் 890 கிலோ குளோரினும் வந்தே தீரும். எரிசோடாவைச் செதிலாக்கி மூட்டை கட்டி வைக்கலாம். குளோரினை அப்படி வைக்க முடியாது. இந்தியாவில் துணி, காகிதம், சோப்பு, அலுமினா என்று எரிசோடாவை நம்பும் தொழில்களே முன்னே நிற்கின்றன. அதனால் குளோரினை எடுத்துப்போகச் சொல்லி ஆலையே பணம் கொடுக்கும் நிலைகூட வந்திருக்கிறது. குளோரினை வாங்கி பி.வி.சி. குழாய் செய்யும் ஆலை பக்கத்தில் அமைந்தால் இந்தத் தலைவலி குறையும்.

குடிநீர்த் தொட்டியில் போடும் குளோரின் இதிலிருந்து வருவதுதானா?

ஆம். பிளீச்சிங் பவுடராகவோ, திரவமாகவோ, சிலிண்டரில் அடைத்த வாயுவாகவோ வந்தாலும் பிறந்த இடம் உப்புக்கரைசல்தான். குழாயில் வந்து சேரும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது நம் தரநிலை. லேசான வாடை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். வழியில் கிருமி சேராமல் காக்கக் குளோரின் எஞ்சியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

கழிப்பறையில் பிளீச்சிங் திரவத்தோடு ஆசிட்டும் ஊற்றினால் நன்றாகச் சுத்தமாகுமா?

ஒருபோதும் செய்யாதீர்கள். அமிலம் பட்டதும் ஹைப்போகுளோரைட் தன்னிடமுள்ள குளோரினை வாயுவாக வெளியே விட்டுவிடும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. குனிந்து தேய்ப்பவரின் மூக்கு இருக்கும் உயரத்திலேயே அது தேங்கும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் பதுங்குகுழிகளுக்குள் வழிந்து வீரர்களைக் கொன்ற அதே வாயு இது. நெடி ஏறினால் எதையும் கழுவிக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே, காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள். இருமலும் மூச்சுத்திணறலும் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கக்கூடும்.

உப்புத் தண்ணீரில் வண்டி ஓட்டலாம் என்று காணொளி வருகிறதே?

ஓடாது. 1 கிலோ ஹைட்ரஜனை எரித்தால் கிடைப்பது சுமார் 33 யூனிட் ஆற்றல். தண்ணீரிலிருந்து அதைப் பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் செலவாகும். அந்தச் செலவை வண்டியின் பேட்டரிதான் கொடுக்கிறது. உப்புத் தண்ணீர் எரிபொருள் அல்ல. ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜனின் சாம்பல் என்றே தண்ணீரைச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் கடல்நீரில் எரியும் விளக்கு?

அது உண்மைதான், ஆனால் நேர்மாறான வேலை. சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய ‘ரோஷினி’ விளக்கு 2022-ல் அறிமுகமானது. மீனவர்களுக்கும் கடலோரக் குடியிருப்புகளுக்கும் உதவும் நோக்கில் வந்தது. இத்தகைய விளக்குகளில் மின்சாரம் கொடுத்து உப்புத் தண்ணீரைப் பிளப்பதில்லை. இரண்டு வெவ்வேறு மின்வாய்களுக்கு நடுவே உப்புத் தண்ணீர் அயனிகளுக்கு வழிவிடுகிறது, மின்சாரம் வெளியே வருகிறது. ஆற்றல் தருவது கரைந்து தீரும் உலோகம். தகடு தேய்ந்ததும் அதை மாற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை மட்டும் மாற்றினால் எரியாது.